மஞ்சள் தூளுக்கு உயிர் இருக்கிறதா?

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் காலை வேளையில் போனால் ஒரு வயல்வேலையைப் பார்க்கலாம். கம்பிப் பந்தலில் கண்வலிக்கிழங்குக் கொடி படர்ந்திருக்கும். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. விதை மருந்துக்குப் போவதால் பயிராகவே வளர்க்கிறார்கள். வேலைக்கு வந்தவர்கள் ஒரு பூவின் தூளை எடுத்து அடுத்த பூவின் சூல்முடியில் தொட்டுவைத்தபடியே வரிசையாக நகர்வார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிட வேண்டும்.

காந்தள் பூவைக் கையில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். ஆறு இதழ்களும் பின்னால் வளைந்து தீக்கொழுந்துபோல் மேலே நிற்கும். மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே யாரோ ஒடித்துவிட்டதுபோல் செங்கோணத்தில் மடங்கி, தூளுக்கு எட்டாத தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வந்து உரசிப்போகும். வயலில் இத்தனை ஆயிரம் பூவுக்கு அவை போதாது. அதனால்தான் மனிதக் கை.

இங்கே குறை இடைவெளியில்தான் இருக்கிறது, தூளில் குறையில்லை. புதுப் பூ ரகம் உருவாக்குகிறவர்களின் பாடு இதற்கு நேர்மாறு. கை தயார், தூரிகை தயார், பூவிலும் மஞ்சள் தூள் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அந்தத் தூளில் உயிர் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. ரோஜாவின் நிறத்தையும் சம்பங்கியின் மணத்தையும் பார்த்து ஆசைப்பட்டு ஒட்டுச் சேர்க்கிறவர், மாதக்கணக்கில் காத்திருந்து, காய் பிடிக்காத பிறகுதான் இந்தக் கேள்விக்கு வருவார். அனுபவமுள்ளவர் இதை முதல் நாளே கேட்டுவிடுவார்.

மகரந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு சின்னப் பயணி. பெரும்பாலான பூக்களில் அதன் அளவு 10 முதல் 100 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். செம்பருத்தி இதில் விதிவிலக்கு. அதன் துகள் 100 மைக்ரானைத் தாண்டும். நல்ல கைலென்ஸ் இருந்தால் தங்க நிறக் குண்டுமணிகளாகவே தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் உடம்பெல்லாம் முள்ளாக, பலாப்பிஞ்சு போலிருக்கும். பூச்சியின் ரோமத்தில் மாட்டிக்கொள்ள அந்த முள் உதவுகிறது. லில்லிக்கு முள் கிடையாது. அதற்குப் பதில் ஒரு எண்ணெய்ப் பசை உண்டு. கல்யாண வீட்டு அலங்காரத்தில் லில்லி உரசிச் சட்டையில் காவி நிறம் ஏறினால் போகாததற்கு அந்தப் பசைதான் காரணம். (தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். செல்லோடேப்பை ஒட்டி எடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும்.)

துகளின் வெளிச்சுவர் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. லட்சக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் இது மக்குவதில்லை. ஏரிச் சேற்றைத் தோண்டிப் பழங்காலக் காடுகளில் என்ன மரம் இருந்தது என்று சொல்கிறார்களே, அது இந்தச் சுவரை வைத்துத்தான். ஆனால் சுவர் நிலைத்திருக்கிறது என்பதால் உள்ளே இருக்கும் செல்லும் பிழைத்திருக்கிறது என்று ஆகாது. ரகம் உருவாக்குகிறவருக்கு வேண்டியது அந்தச் செல்.

உள்ளே இருக்கும் செல்களின் எண்ணிக்கையில் இரண்டு வகை உண்டு. சில பூக்களில் துகள் வெளியே வரும்போது இரண்டு செல் இருக்கும், சிலவற்றில் மூன்று. ஜேம்ஸ் புரூபேக்கர் 1967-இல் ஏறத்தாழ 2000 செடியினங்களை அலசிப் பார்த்து, சுமார் 70 விழுக்காடு இருசெல் வகை என்று கணக்குக் கொடுத்தார். இது ஏதோ பாடப்புத்தகச் சங்கதி என்று தாண்டிப் போகக்கூடாது. லில்லி, பெட்டூனியா போன்ற இருசெல் மகரந்தத்தை உலர்த்திக் குளிரில் வைத்தால் நெடுநாள் தாங்கும். லில்லித் தூளைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் காயவைத்து, உறைபெட்டியில் வைத்து, அடுத்த பருவப் பூவுக்குக்கூடப் பயன்படுத்துகிறார்கள். சாமந்தி, செண்டுமல்லிக் குடும்பத்தின் முச்செல் மகரந்தம் அப்படியில்லை. வெளியே வந்த வேகத்தில் வீரியம் இறங்கிவிடும். அன்று பறித்ததை அன்றே வைத்தாக வேண்டும்.

உயிர் இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. பள்ளி நுண்ணோக்கி ஒன்று கிடைத்தால் போதும். தோட்டத்தில் காசித்தும்பை இருக்கிறதா? இந்தச் சோதனைக்கு அதைப்போல ஒத்துழைக்கிற பூ கிடையாது.

100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் சர்க்கரை. கூடவே துளி போரிக் அமிலம், கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர்தான். அளவு மிகக் குறைவு என்பதால் ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 10 மில்லியை எடுத்து 90 மில்லி தண்ணீரோடு சேர்த்துச் சர்க்கரையைப் போடுவது எளிது. இந்தக் கரைசலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அன்று காலை விரிந்த பூவின் தூளைத் தட்டிவிடுங்கள். காசித்தும்பைத் துகள் சில நிமிடங்களிலேயே ஒரு பக்கம் புடைக்கும். புடைப்பு நீண்டு கண்ணாடிக் குழாயாகும். உள்ளே துகள்துகளாக ஏதோ ஓடுவதும் தெரியும். பூவில் நடக்க வேண்டியதும் இதுவேதான். அந்தக் குழாய் சூல்தண்டின் உள்ளே இறங்கி, விந்துச் செல்கள் இரண்டையும் சூல்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சர்க்கரை எதற்கு? வெறும் தண்ணீரில் போட்டால் துகள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போய் வெடித்துவிடும். மழை நாளில் ஒட்டுச் சேர்த்த பூ காய் பிடிக்காததற்கும் இது ஒரு காரணம். போரிக் அமிலத்திலுள்ள போரான் குழாய் நீளத் துணைசெய்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சொட்டில் நாலைந்து துகளை மட்டும் போட்டால் முளைப்பு மந்தமாக இருக்கும். கூட்டமாகப் போட்டால் நன்றாக முளைக்கும். இதன் காரணத்தை 1963-இல் புரூபேக்கரும் குவாக்கும் கண்டுபிடித்தார்கள். துகள்களிலிருந்து கசியும் கால்சியம்தான் ஒன்றுக்கொன்று துணையாகிறது. கால்சியத்தைத் தனியாகச் சேர்த்துவிட்டால் தனித்த துகளும் முளைக்கிறது. அவர்கள் வகுத்த கரைசல் இன்றும் அவர்கள் பெயராலேயே புழங்குகிறது.

நூறு துகளை எண்ணி எத்தனை குழாய் விட்டது என்று பார்த்தால் அதுவே முளைப்புத்திறன். சாயம் ஏற்றிப் பார்க்கும் முறையும் உண்டு. அசிட்டோகார்மின் போட்டால் உள்ளடக்கம் உள்ள துகள் சிவக்கும், வெற்றுத் துகள் வெளிறிக் கிடக்கும். சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் நேற்று செத்த துகளும் இன்று சிவக்கும். சாயக் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள் என்பது என் கருத்து.

சரி, தூள் ஏன் மலடாகிறது?

மிக எளிய காரணம் நாம் விரும்பும் அடுக்கு. அடுக்குச் செம்பருத்தியிலும் பல இதழ் ரோஜாவிலும் கூடுதலாக இருக்கும் இதழ்களில் பல, மகரந்தத் தாள்களாக இருந்திருக்க வேண்டியவை. இதழ் கூடக் கூடத் தூள் குறையும். செண்டுமல்லியில் கதை சற்று வேறு. அதன் ஒரு பூ என்பது பல சிறுபூக்களின் கூட்டம். மகரந்தம் நடுவிலுள்ள குழல்பூக்களில் மட்டுமே இருக்கும். ஓரத்து நாக்குப்பூக்களில் கிடையாது. பந்துபோல் திரண்ட பூவில் நாக்குப்பூவே நிறைந்திருப்பதால் தந்தையாக வைக்கத் தூள் தேறாது. மாலை கட்டுகிறவருக்குப் பிடித்த பூ, ரகம் உருவாக்குகிறவரை வெறுங்கையாக்கிவிடும்.

இரண்டாவது காரணத்தைக் கனகாம்பரத்தில் பார்க்கலாம். நாட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். சிறுவயதில் அதை விளையாட்டாகச் செய்யாதவர்கள் குறைவு. டெல்லிக் கனகாம்பரத்தில் அந்த விளையாட்டு நடக்காது. பூ பெரிது, நிறமும் எடுப்பு. ஆனால் விதை கிடையாது. தண்டுக்குச்சியை நட்டுத்தான் பெருக்க வேண்டும். குரோமோசோம்கள் வழக்கமாக ஜோடி ஜோடியாக இருக்கும். டெல்லி வகையில் 30, அதாவது பத்து மும்மை.

கோலாட்டத்துக்கு மூன்று மூன்று பேராகப் பத்துக் குழு வந்தால் எப்படியிருக்கும்? குழுவுக்கு இருவர் ஜோடி சேர்ந்துவிடுவார்கள், மூன்றாமவர் நின்றுகொண்டிருப்பார். மகரந்தம் உருவாகும்போது ஜோடி சேர்ந்த குரோமோசோம்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிய வேண்டும். மூன்றாவது எந்தப் பக்கம் போகும்? காசு சுண்டிப் போட்டது மாதிரிதான். பத்துக் குழுவிலும் மூன்றாமவர் ஒரே பக்கம் போனால்தான் ஒரு பக்கம் சரியாக 10, மறுபக்கம் சரியாக 20 என்று முழுத் தொகுதி அமையும். கணக்குப் போட்டால் 512 துகளுக்கு ஒன்று தேறும். மற்றவை பதின்மூன்றும் பதினேழுமாக அரைகுறைச் சுமையோடு கிளம்பி வழியிலேயே சுருங்கிவிடுகின்றன. மும்மைச் செடியின் தூளை நுண்ணோக்கியில் பார்த்தால் இது நேராகவே தெரியும்: ஒன்று பெரிது, ஒன்று சிறிது, பல சப்பி.

பூ விற்பவருக்கு இதனால் நட்டமில்லை. காய் பிடிக்காத செடி, விதைக்குச் செலவிட வேண்டிய சத்தையும் பூவுக்கே விடுகிறது. மெக்சிகோவிலிருந்து வந்தும் ‘ஆப்பிரிக்கன்’ என்று பெயர் வாங்கிய பெரிய செண்டுமல்லிக்குக் குரோமோசோம் 24. ‘பிரெஞ்சு’ எனப்படும் குட்டை வகைக்கு 48. இரண்டையும் சேர்த்தால் 36 வரும், மலடு. காய்க்காததால் ஓயாமல் பூக்கும். ஜாடிக்கென்று வளர்க்கும் சூரியகாந்தியிலும் தூளற்ற ரகங்களையே விரும்புகிறார்கள். மேசைவிரிப்பில் மஞ்சள் கொட்டாது என்பதுதான் காரணம். தூள் உருவாகாத அந்த ஆண்மலட்டுத்தன்மை காட்டுச் சூரியகாந்தி ஒன்றின் வழி வந்தது. பிரான்சில் லெக்லெர்க் 1969-இல் அதை அறிவித்தார்.

செண்டுமல்லியில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. ஒரு விதைக்கடையில் வீரிய ஒட்டு விதை வாங்கினேன். எண்ணி எண்ணி விற்றார்கள். பூ அருமையாக வந்தது. அடுத்த ஆண்டுக்குக் காசு கொடுப்பானேன் என்று காய்ந்த பூவைப் பிய்த்து விதையை எடுத்து வைத்துக்கொண்டேன். விதைத்தால், நாலு செடிக்கு ஒரு செடியில் இதழே இல்லை. பச்சைக் கிண்ணத்துக்குள் ஊசி ஊசியாக நார் மட்டும். மண்ணில் கோளாறு என்று நினைத்து உரத்தை மாற்றினேன், பலனில்லை.

கோளாறு மண்ணிலில்லை, அந்த விதை உருவான முறையே அப்படி. பல ஒட்டு ரகங்களில் தாய்ச்செடி ஆண்மலடு. தூளும் இருக்காது, ஒழுங்கான இதழும் இருக்காது. தூள் இல்லாததால் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளாது. அதனால் ஒவ்வொரு பூவிலும் மகரந்தப்பையைக் கத்தரிக்கும் வேலை மிச்சம். பக்கத்து வரிசைத் தந்தைத் தூளை வாங்கிக்கொண்டு அத்தனையும் கலப்பு விதையாகவே தரும். இந்த மலட்டுக் குணம் ஒடுங்கு குணம். முதல் தலைமுறையில் ஒளிந்திருக்கும், நாம் விதை எடுத்து விதைத்த அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு பங்காக வெளியே வரும். தாய் வரிசையைக் காப்பாற்றுவதும் லேசில்லை. அதில் பாதிச் செடி தூளுள்ளதாகவே முளைக்கும். பூ விரிகிற நேரத்தில் ஆட்கள் செடி செடியாகப் பார்த்து அவற்றைப் பிடுங்கிப் போட வேண்டும். விதையை எண்ணி விற்பதில் நியாயம் இருக்கிறது என்று அதன் பிறகு ஒப்புக்கொண்டேன்.

தூளுக்கு உயிர் இருந்தும் காய் பிடிக்காத சந்தர்ப்பங்கள் உண்டு. சம்பங்கியில் நேரம் ஒத்துவராது. பூ விரிந்ததும் தூள் தயார். அதே பூவின் சூல்முடி ஓரிரு நாள் கழித்துத்தான் பதத்துக்கு வரும். ஆகவே இன்றைய பூவின் தூளை முந்தாநாள் பூவில் வைக்க வேண்டும். இப்படிப் பொறுமையாகச் செய்த ஒட்டில்தான் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒற்றை, அடுக்கு இரண்டும் சேர்ந்து ‘சிருங்கார்’ பிறந்தது. சிருங்காரோடு மெக்சிகன் ஒற்றை சேர்ந்து ‘பிரஜ்வல்’. மொட்டில் இலேசான இளஞ்சிவப்பும் விரிந்தால் வெள்ளையுமாக இருப்பது பிரஜ்வலின் அடையாளம்.

பெட்டூனியாவில் பல வகைகளும் சாமந்தியும் தன் தூளைத் தானே ஏற்காதவை. பெட்டூனியாவின் சூல்தண்டு சொந்தத் தூளை அடையாளம் கண்டு குழாயை நிறுத்திவிடும். பெட்டூனியாவில் அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மொட்டைப் பிரித்து, காவல் ஏற்பாடு முழுதாக அமையுமுன்பே தூளை வைத்துவிடுவார்கள். லில்லியில் வேற்றினத் தூள் குழாய் விட்டாலும் நீண்ட சூல்தண்டின் பாதி வழியில் நின்றுபோகும். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் தண்டையே வெட்டிவிட்டு, சூலகத்துக்கு மேலே மிஞ்சிய குட்டைத் தண்டில் தூளை வைத்தார்கள். பயணம் சுருங்கியதும் குழாய் போய்ச் சேர்ந்தது. அப்போதும் கரு முதிராமல் வாடும் என்பதால் அதை எடுத்துக் குடுவையில் வளர்த்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் பிறக்கும் ஈரினக் கலப்பு பெரும்பாலும் மலடாகவே இருக்கும். அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோமுக்கு அம்மா பக்கத்தில் ஜோடி கிடைக்காது. அமெரிக்காவில் லெஸ்லி வுட்ரிஃப் 1957-இல் உருவாக்கிய ‘பிளாக் பியூட்டி’ லில்லி அழகில் குறைவில்லாதது, ஆனால் மலடு. பின்னர் அதன் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் தன் நகலே ஜோடியானது. தூளும் சூலும் சீராகி, புது லில்லி வகைகளுக்குப் பெற்றோராகவும் ஆனது.

இரட்டிப்பாக்கும் மருந்தின் பெயர் கோல்ச்சிசின். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கயிறுகளை அது உருவாகவிடாது. நகல் எடுத்தாகிவிட்டது, பிரிக்க ஆளில்லை, இரண்டு மடங்கும் ஒரே செல்லில் தங்கிவிடும். 1937-இல் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் ஊமத்தை முதலிய செடிகளில் இதைக் காட்டிய பிறகு பூ வளர்ப்பவர்கள் விடவில்லை. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்கு இதை வைத்துப் பார்த்தார். அங்கே ஒரு மக்னோலியாவுக்கே அவர் பெயர் இருக்கிறது. கொடைக்கானலில் ரோஜா ரகங்கள் உருவாக்கும் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி வீரராகவனும் தன் ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார். வீரராகவன் பயன்படுத்தும் காட்டு ரோஜாவான ஜைகான்டியாவுக்குக் குரோமோசோம் 14; கடையில் வாங்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 28. சேர்த்தால் கனகாம்பரக் கணக்கு, 21. வெப்பம் தாங்கும் ரோஜாவுக்கு அந்த வேலி தாண்டித்தான் போக வேண்டும்.

கோல்ச்சிசின் எடுப்பது எதிலிருந்து? மூலனூரில் காலை எட்டு மணிக்குத் தூள் தொட்டுவைத்தார்களே, அந்தக் காந்தள் விதையிலிருந்துதான். கடுமையான விஷம், வீட்டுத் தோட்டத்தில் முயலும் சமாச்சாரமே இல்லை.

வீட்டில் முயல விரும்புகிறவர்களுக்குச் செம்பருத்தி நல்லது. நம் வேலியோரச் சிவப்பு காய் பிடிப்பது அரிது. வெவ்வேறு நிறத்து ஒற்றை ரகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை வேண்டாம். மகரந்தம் உருவாகும் நாட்களில் வெப்பம் மிகுந்தால் தூள் பழுதாகும். கார்த்திகை முதல் தை வரை சரியான காலம். தாயாக வைக்கப்போகும் பூவை முந்தின மாலை மொட்டிலேயே பிரித்து மகரந்தப்பைகளைக் கத்தரித்துவிடுங்கள். காலையில் உச்சியிலுள்ள ஐந்து வெல்வெட் பொட்டுகளிலும் மற்றப் பூவின் தூளைத் தடவுங்கள். பூவுக்கு ஆயுள் ஒரே நாள். பெரும்பாலானவை சில நாளில் காம்போடு உதிரும். ஒட்டிக்கொண்டது காய்ந்து வெடிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். காய் பிடிக்காவிட்டால் தாயையும் தந்தையையும் மாற்றிப் பாருங்கள். தூள் மலடான செடியில் சூல் நன்றாக இருப்பதும் உண்டு. காம்பில் ஓர் அட்டை கட்டி, தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரை இரண்டாவதாகவும் தேதியோடு எழுதுங்கள். பேனா வேண்டாம், பென்சில்தான் வெயிலிலும் மழையிலும் நிற்கும்.